மந்திரித்த உலோகம்

கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்தை அடுத்த இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி முதலிய ஊர்களில், தலைமுறை பலவாகக் கத்தோலிக்க வேதத்தை அனுசரித்துவரும் குடும்பங்கள் உண்டு. அத்தகைய வீடொன்றில், பாட்டியின் காலத்துக்குப் பின் திறக்கப்பட்ட தகரப்பெட்டியின் அடியில், நிறம் மங்கிய உத்தரியத்துக்கும் மணி உதிர்ந்த ஜெபமாலைக்கும் நடுவே, ஒருபுறம் தொப்பியணிந்த முதியவர் ஒருவரின் பக்கத்தோற்றமும் மறுபுறம் அரைகுறையாய்த் தெரியும் லத்தீன் எழுத்துகளுமாக ஒரு வட்ட உலோகம் அகப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுப் பிள்ளை அதைக் கையில் நிறுத்துப் பார்த்து என்ன விலை பெறும் என்று கேட்பான். மூத்தவள் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். கோவிற்பிள்ளை "பாப்பரசர் காசு" என்று பெயரிட்டுவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போவார். இம்மூவரும் ஒரே பொருளைத்தான் பார்க்கிறார்களா என்பது தத்துவ விசாரணைக்குரிய கேள்வி. ஒரு வஸ்துவின் புனிதம் அதன் உலோகத்தில் உறைகிறதா, அதில் பதிந்த உருவத்தில் உறைகிறதா, அதை வெளியிட்டவரின் அதிகாரத்தில் உறைகிறதா, அல்லது இவை எல்லாவற்றுக்கும் புறம்பான வேறொன்றிலா?

நாணய சாஸ்திரத்தின் விடையை முதலில் கேட்போம். அது எளிய விடையன்று, ஆயினும் முறையான விடை. கயிறு கோக்கும் காது வார்ப்பிலேயே அமைந்திருந்தால் அது பெரும்பாலும் பதக்கம். காதில்லாமல் மதிப்பு குறிக்கப்பட்டிருந்தால் நாணயம். பின்னாளில் துளையிடப்பட்டிருந்தால், நாணயமாகப் பிறந்து ஆபரணமாக வாழ்ந்த பிறவி என்று கொள்ளலாம். எழுத்துகளில் முதலில் தேட வேண்டியது பாப்பரசரின் பெயரும் அவர் அப்பெயரில் எத்தனையாமவர் என்ற எண்ணும், அதையடுத்து "பொந்த். மாக்ஸ்.", அதாவது தலைமைக் குரு என்னும் பட்டத்தின் சுருக்கம், அதற்கும் அடுத்து "அன்" என்ற எழுத்துகளோடு ரோமன் எண்ணில் ஆட்சியாண்டு. கிறிஸ்து சகாப்தத்தின் ஆண்டு சில வேளை இராது. ஆட்சியாண்டைக் கொண்டுதான் கணக்கிட வேண்டும். ஒன்பதாம் பத்திநாதர் 1846 முதல் 1878 வரை ஆண்டவராதலால், அவர் பெயரோடு ஆட்சியாண்டு இருபத்தொன்று என்று கண்டால் 1866 அல்லது 1867 என்று கொள்ளலாம். பாப்பரசரின் இராச்சியம் பயோக்கோ, ஸ்கூதோ என்னும் பழைய நாணயங்களைக் கைவிட்டு லீராவுக்கு மாறியது அந்த 1866ஆம் ஆண்டிலேதான்; நான்கே ஆண்டுகள் கழித்து, 1870 செப்டம்பர் 20இல், ரோமாபுரி இத்தாலியப் படையின் வசமாகவே நாணயமடிக்கும் உரிமையும் அந்த இராச்சியத்தோடு மறைந்தது. 1929ஆம் ஆண்டு லாத்தரன் உடன்படிக்கையால் வத்திக்கான் தனி அரசான பிறகே பாப்பரசர் தலை பொறித்த காசு மீண்டும் பிறந்தது.

எழுத்து தேய்ந்திருந்தாலும் குலச்சின்னம் பேசும். மூவடுக்கு முடியும் குறுக்காகக் கிடக்கும் இரு திறவுகோல்களும் எல்லாப் பாப்பரசருக்கும் பொது. அவற்றுக்குக் கீழே உள்ள கேடயம் அவரவர் குடும்பத்துக்குரியது. மூன்று தேனீக்கள் தெரிந்தால் எட்டாம் உர்பன். ஒலிவக் கிளையைக் கவ்விய புறாவானால் பத்தாம் இன்னொசென்ட். குன்றுகளின் மேல் விண்மீனும் அருகே கருவாலி மரமும் இருந்தால் ஏழாம் அலெக்சாந்தர். சிறகுள்ள நாகம் போன்ற உருவமானால் பஞ்சாங்கத்தைத் திருத்திய பதின்மூன்றாம் கிரகோரி. மூவடுக்கு முடிக்குப் பதிலாகத் திறவுகோல்களுக்கு மேல் விரிந்த குடையொன்று இருக்குமானால், ஒரு பாப்பரசர் இறந்து அடுத்தவர் தேர்ந்தெடுக்கப்படாதிருந்த இடைக்காலத்தில், பொருட்காரியங்களை நிர்வகித்த கர்தினால் தம் சின்னத்தோடு அடித்த நாணயம் அது. ஆளில்லாத அரியணைக்குக் குடைபிடிக்கும் இந்த வழக்கம், கோவிலில் வெறும் வாகனத்துக்கும் குடை பிடித்துப் பழகிய நம்மவருக்கு அத்தனை அந்நியமாகத் தோன்றாது.

இவ்வளவு சாஸ்திரம் கற்றவனும் ஏமாறும் இடங்கள் உள. இராயப்பர், அதாவது பேதுரு, முதற்கொண்டு வரிசையாக எல்லாப் பாப்பரசருக்கும் பதக்கம் செய்யும் ஆசை 17ஆம் நூற்றாண்டில் ரோமாபுரிச் சிற்பிகளுக்கு உண்டாயிற்று. ஆகவே இராயப்பரின் முகமும் பெயரும் உள்ள பதக்கத்தைக் கண்டு அது முதலாம் நூற்றாண்டினது என்று எவரேனும் நினைத்தால், ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் பிழைபட்டவராவார். பாப்பரசர் பதக்கம் என்னும் கலையே 15ஆம் நூற்றாண்டில் தோன்றியது. ஆண்டுதோறும் ஜூன் 29இல் இராயப்பர் சின்னப்பர் திருநாளையொட்டி ஆட்சியாண்டுப் பதக்கம் வெளியிடும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தாம் சின்னப்பர் காலத்தை ஒட்டி நிலைபெற்றது. நம் ஊர்ப்புறத்தில் இன்னும் சாதாரணமான மயக்கம் வேறு. கதிர்கள் சொரியும் கரங்களோடு மாதா நிற்க, சுற்றிலும் எழுத்தோட, அடியில் 1830 என்று ஆண்டு பொறித்த முட்டை வடிவப் பதக்கத்தை, இருநூறு வருஷத்துப் பழம்பொருளென்று பலர் பெட்டியில் பூட்டிவைத்திருக்கிறார்கள். 1830 என்பது பாரிஸ் மடத்தில் கத்தரீன் லபூரே என்னும் கன்னிகை கண்ட காட்சியின் ஆண்டு. முதற் பதக்கம் 1832இல்தான் அடிக்கப்பட்டது. அதே ஆண்டெண்ணோடு இன்றைக்கும் அது அடிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது.

எல்லாவற்றினும் சுவையான மயக்கம் "தலைமைக் குரு" என்ற பட்டத்தைப் பற்றியது. கம்பம் கணவாய் வழியே மேல்கடற்கரையும் மதுரையும் பண்டைக்காலத்தில் தொடர்புகொண்டிருந்தன என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. போடிநாயக்கனூரில் கிடைத்த முத்திரையிட்ட வெள்ளிக் காசுகளின் பின்புறத்தில் பாண்டியரின் மீன் நீந்துகிறது. இத்தகைய வழிகளில் வந்த ரோமானிய வெள்ளிக்காசுகள், சிறப்பாகத் திபேரியு சக்கரவர்த்தியின் காசுகள், கோயம்புத்தூர் வட்டாரத்துப் புதையல்களில் நூற்றுக்கணக்காய் அகப்பட்டிருக்கின்றன. அவற்றின் பின்புறத்தில் தெளிவாகப் பொறித்திருப்பது "பொந்திப் மாக்சிம்" என்ற எழுத்துகள். கிறிஸ்துவைச் சிலுவையில் அறைந்த காலத்துச் சக்கரவர்த்தியும், கிறிஸ்துவின் பிரதிநிதியென்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் பாப்பரசரும் ஒரே பட்டத்தை உலோகத்தில் தரித்திருக்கிறார்கள். வரி கொடுக்கலாமா என்று சோதித்தவர்களிடம் ஒரு காசை வாங்கி, அதிலுள்ள உருவம் யாருடையது என்று இயேசுநாதர் கேட்டதாகச் சுவிசேஷம் கூறும் அந்தக் காசு, அறிஞர் பெரும்பாலோர் எண்ணுகிறபடி, இந்தத் திபேரியுவின் காசே. ஆகையால் அக்கேள்வியைத் தாங்கிய நாணயம் நம் மண்ணுக்குச் சுவிசேஷத்துக்கு முன்பாகவே வந்து சேர்ந்திருக்கக்கூடும். சீசருடையதைச் சீசருக்கு என்னும் அந்த விடையைக் கேளாத தமிழ்நாட்டார் அதற்கு வேறொரு விடையைத் தந்தார்கள்: 1898இல் புதுக்கோட்டைச் சீமையில் அகப்பட்ட 501 ரோமானியப் பொற்காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டு விழுந்திருக்கிறது. காசு செலாவணியிலிருந்து நீங்கட்டும், பொன் பொன்னாக இருக்கட்டும் என்பது அந்த வெட்டின் தாத்பரியம் என்று கொள்வோர் உண்டு. உருவத்தின் அதிகாரம் எந்த எல்லையோடு முடிகிறதென்பதை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லியதில்லை.

உருவம் எல்லையைக் கடக்கும்போது வேறொன்றாகப் பிறப்பதும் உண்டு. வெனிசு நகரத்துப் பொற்காசில் அர்ச். மாற்கு முன்பாக அந்நாட்டுத் தலைவர் மண்டியிட்டு, இருவருக்கும் நடுவே உள்ள கொடிக்கம்பத்தைப் பற்றியிருப்பார். காசுமாலைகளில் கோக்கப்பட்டுத் தென்னாடெங்கும் உலவிய அக்காசுக்கு நம்மவர் பனையேறியின் காசு என்று பொருள்படும் பெயரை வைத்திருந்தனர் என்று, சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் எழுதியிருக்கிறார். கொடிக்கம்பம் பனையாகவும் மண்டியிட்டவர் மரமேறுகிறவராகவும் தோன்றிவிட்டார்கள். ரோமாபுரியின் ஆட்சிமன்றமோ இதே அமைப்பைப் பின்பற்றி, மாற்குவுக்குப் பதிலாக இராயப்பரை நிறுத்தித் தன் பொற்காசை அடித்தது. அப்படிப்பட்ட காசொன்று நம் பக்கம் வந்திருந்தால் முதற் பாப்பரசரும் பனந்தோப்பில் நின்றிருப்பார். இதை அறியாமை என்று ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. கையில் வந்த அந்நியரை உழைக்கிற மனிதராக அடையாளங்கண்டவன், அவரை அரசராகவோ தேவராகவோ கண்டு நடுங்கினவனைவிடச் சற்று ஆரோக்கியமான கண்ணுடையவன்.

இனி, இராயப்பருக்கும் பணத்துக்கும் உள்ள உறவை நோக்குவோம். பாப்பரசர் நாணயம் என்ற சொற்றொடரே ஒரு முரண்பாடு என்பதை அவருடைய சரித்திரமே காட்டுகிறது. ஆலயவரி செலுத்த ஏரியில் தூண்டிலிட்டு மீனின் வாயிலிருந்து காசெடுத்தவர் அவர். ஆலய வாசலில் பிச்சை கேட்ட முடவனிடம், வெள்ளியும் பொன்னும் தம்மிடம் இல்லையென்று சொல்லி, நாசரேத்து இயேசுவின் பெயரால் எழுந்து நடக்கச் சொன்னவர் அவர். பரிசுத்த ஆவியின் வரத்தைப் பணத்துக்குக் கேட்ட மந்திரவாதி சீமோனை அவன் பணத்தோடு சேர்த்துச் சபித்தவரும் அவரே. இவருடைய திருவுருவத்தைத்தான் பின்வந்தோர் நூற்றாண்டுகளாக வெள்ளியிலும் பொன்னிலும் அடித்துவந்தார்கள். இம்முரண்பாடு அவர்களுக்குத் தெரியாமலிருந்ததாகவும் தோன்றவில்லை. 17ஆம் நூற்றாண்டில் பதினோராம் இன்னொசென்ட் தம் வெள்ளிக்காசில், வாங்குவதினும் கொடுப்பதே நன்று என்ற பொருள்படும் வாசகத்தைப் பொறிக்கச் செய்தார். பணத்தின் மேலேயே பணத்துக்கெதிரான உபதேசம்! ரோமாபுரிக் கடைக்காரன் அவ்வாசகத்தைப் படித்துவிட்டுச் சில்லறை கூடக் கொடுத்தானா என்பது வேறு கேள்வி.

வெளியிட்டவரின் அதிகாரமே பொருளைப் புனிதமாக்கும் என்பாரை நிறுத்திவைத்துக் காட்ட ஒரு பதக்கம் இருக்கிறது. 1572 ஆகஸ்டில் அர்ச். பர்த்தலோமேயு திருநாளன்று பாரிஸ் நகரத்தில் தொடங்கிய புரோட்டஸ்டாண்டுப் படுகொலையைக் கொண்டாடிப் பதின்மூன்றாம் கிரகோரி பதக்கம் அடிக்கச் செய்தார். ஒருபுறம் அவருடைய முகம். மறுபுறம் ஒரு கையில் சிலுவையும் மறு கையில் வாளும் ஏந்திய சம்மனசு, வெட்டுண்டு விழும் மனிதர்கள், யூகனோத்தியரின், அதாவது அந்தப் புரோட்டஸ்டாண்டாரின், சங்காரம் என்று பொருள்படும் எழுத்துகள். உருவம் பாப்பரசருடையது, சின்னம் திருச்சபையினுடையது, சிலுவையும் இருக்கிறது, சம்மனசும் இருக்கிறது, வேலைப்பாடும் உயர்ந்தது. அப்பதக்கத்தைச் சரிவர இனங்கண்டவன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள மாட்டான், இனங்காணாதவனோ ஒற்றிக்கொள்ளக்கூடும். பொருளை இன்னதென்று அறிய முயல்வது பக்திக்கு விரோதம் என்று கருதும் பக்தர்கள் இவ்வொரு உதாரணத்தைச் சிந்திக்க வேண்டும். அர்ச்சியசிஷ்டவர்களின் அருளிக்கங்களைக்கூட அத்தாட்சிப் பத்திரமின்றி வணக்கத்துக்கு வைக்கத் திருச்சபை சம்மதிப்பதில்லை.

ஆகவே உருவமும் போதாது, அதிகாரமும் போதாது. 1563 டிசம்பரில் திரெந்து பொதுச்சங்கம், 787ஆம் ஆண்டு நிசேயாச் சங்கத்தைப் பின்பற்றிச் சொன்னதும் இதுவே: சுரூபங்களில் தெய்வத்தன்மையோ சக்தியோ உறைவதாகக் கொண்டு அவற்றை வணங்கலாகாது, அவற்றுக்குச் செய்யும் சங்கை அவை குறிக்கும் மூலத்தைச் சென்றடைகிறது. தேவதிரவிய அனுமானங்கள் ஏழும் செய்யப்படும் செயலினாலேயே பலன் தரும் என்று போதிக்கும் அதே வேதசாஸ்திரம், மந்திரித்த தீர்த்தம், மந்திரித்த பதக்கம் முதலியவை திருச்சபையின் வேண்டுதலாலும் உபயோகிப்பவரின் மனப்பக்குவத்தாலுமே பலன் தரும் என்று பிரித்துரைக்கிறது. ரோமாபுரி நாணயசாலையில் கைதேர்ந்த சிற்பி வெட்டிய வெள்ளிப் பதக்கம், எவராலும் மந்திரிக்கப்படாமல் ஒரு பிரபுவின் பேழையில் கிடந்தால், அது அழகிய வெள்ளி. நூற்றுக்கணக்கில் வாங்கப்பட்ட அலுமினியப் பதக்கம், இராயப்பன்பட்டிப் பனிமய மாதா திருநாளில் பங்குச் சுவாமியாரின் கை பட்டு, கரிசல் காட்டில் களையெடுக்கும் ஒருத்தியின் கழுத்தில் ஏறினால், அது மந்திரித்த பொருள். பழம்பொருட்காரர் இந்த வரிசையைத் தலைகீழாக வைப்பார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் கேட்கும் கேள்வி வேறு.

இவ்விரு கேள்விகளும் நேருக்கு நேர் மோதும் இடம் விற்பனை. 1917ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 924ஆம் விதி, ஜெபமாலை முதலிய பொருள்களோடு இணைக்கப்பட்ட ஞானப்பலன்கள் இரண்டே காரணங்களால் நீங்கும் என்றது: பொருள் முற்றிலும் அழிந்துபோதல் ஒன்று, விற்கப்படுதல் மற்றொன்று. இவ்விதியின் ஆழத்தை நாணயத்தோடு வைத்துப் பார்த்தால்தான் உணரலாம். நாணயத்துக்கு உயிர் கைமாறுவதில் இருக்கிறது. யாரும் வாங்காத காசு காசன்று. மந்திரித்த பதக்கத்துக்கோ விலைபேசிக் கைமாறுவதே மரணம். கொடையாகக் கொடுத்தால் பாதகமில்லை, விலைக்குக் கொடுத்தால் பலன் போய்விடுகிறது. இரண்டும் ஒரே நாணயசாலையில் ஒரே உலோகத்தில் ஒரே முகத்தோடு பிறந்திருக்கலாம். ஆயினும் ஒன்று எதனால் வாழ்கிறதோ அதனால் மற்றது மாய்கிறது. இவற்றின் வேற்றுமையைத் தராசும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் ஒருகாலும் காட்டா.

இந்தப் பேதத்தை அறிய நாம் திருச்சபைச் சட்டத்தைப் படித்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. அதே பள்ளத்தாக்கில், வீரபாண்டிக் கௌமாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டோ திருப்பதிக்கு நேர்ந்துகொண்டோ, ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சுவாமி படத்தண்டை வைக்கிறாள் ஒருத்தி. அரசாங்கத்தார் அந்த ரூபாயில் எந்த மாறுதலும் செய்யவில்லை. முந்தின நாள் சந்தையில் கத்தரிக்காய்க்குச் சில்லறையாக வந்த காசுதான். முடிச்சு விழுந்த கணத்திலிருந்து, வீட்டில் அடுப்பெரியாத நாளிலும் அதைத் தொட மாட்டார்கள். செலாவணியிலிருந்து விலக்கிவைத்தல், மீண்டும் அதற்குத் திருப்பாதிருத்தல் என்னும் இவ்விரதமே புனிதத்தின் இலக்கணத்தில் முதற் பகுதி என்று எனக்குப் படுகிறது. மந்திரிக்கும் குருவின் வார்த்தையும் அவ்விரதத்தைச் சபையறிய உறுதி செய்வதாகவே கொள்ளத்தக்கது. உலோகத்துக்குள் ஏதோ புகுந்து குடியேறுகிறது என்று எண்ணுகிறவரோடு எனக்கு உடன்பாடில்லை. ஒன்றுமே நேரவில்லை என்று சொல்லும் யுக்திவாதியோடும் இல்லை. அந்தப் பொருளைச் சூழ்ந்துள்ள மனிதரின் நடத்தை மாறியிருக்கிறது. அம்மாறுதல் தராசில் ஏறாதாயினும், பசித்த நாளில் அந்த முடிச்சு அவிழாதிருப்பதைக் கண்டவர் அதை இல்லையென்று சொல்லத் துணியார்.

இதனால் விளையும் விசித்திரமான முடிவொன்று நாணய சாஸ்திரிகளுக்குச் சங்கடமானது. அவர்களுடைய மதிப்பீட்டில் தேய்வு ஒரு குறை. முகம் கூர்மையாகவும் எழுத்து முழுமையாகவும் இருப்பதே உத்தமம். பெட்டியில் பூட்டிக்கிடந்த பதக்கம் அப்படித்தான் இருக்கும். கழுத்தில் கிடந்து, வியர்வையில் ஊறி, பிரசவ வேதனையில் உள்ளங்கைக்குள் நெரிபட்டு, காய்ச்சலில் கிடந்த குழந்தையின் நெற்றியில் வைக்கப்பட்டு, ஒவ்வொரு அருள்நிறை மந்திரத்துக்கும் பெருவிரலால் தடவப்பட்ட பதக்கத்தில், பாப்பரசரின் மூக்கு முதலில் போகும், பிறகு பெயர், அப்புறம் ஆட்சியாண்டு. எதற்காக அது செய்யப்பட்டதோ அந்தக் காரியத்தை எவ்வளவுக்கு நிறைவேற்றியதோ, அவ்வளவுக்கு அதை இன்னாருடையது என்று அறுதியிடும் வழி அடைபட்டுப் போகிறது. அத்தகைய பதக்கத்தைப் பார்த்து "அடையாளங்காண இயலாதது, மதிப்பில்லை" என்று சீட்டெழுதும் நிபுணரின் கூற்றில் முதற் பாதி முழு உண்மை.

நடைமுறைக்கு வந்தால், தகரப்பெட்டியில் அகப்பட்டதைத் தேய்த்துப் பளபளப்பாக்காமல், விட்டம், எடை, இருபுறத்து எழுத்துகள், ஓரத்தின் அமைப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, தெரிந்தவரிடம் காட்டுவது நல்லது. பெரும்பாலும் அது 1950ஆம் ஆண்டு ஜூபிலியிலிருந்தோ, 1964 டிசம்பரில் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு ஆறாம் சின்னப்பர் வந்தபோதோ, 1986இல் இரண்டாம் அருள் சின்னப்பர் சென்னைக்கு வந்தபோதோ, யாரேனும் யாத்திரை போனவர் கொண்டுவந்த பதக்கமாக இருக்கும், விலையும் சொற்பமே. உழும்போது மண்ணுக்குள்ளிருந்து வந்ததானால் விஷயம் வேறு: பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்கு அறிவித்தே தீரவேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். விற்கத்தான் வேண்டுமென்று வீட்டுப் பிள்ளை பிடிவாதம் செய்தால் விற்கட்டும். வாங்குகிறவர் விசுவாசியாயிருந்தால் தம் பங்குச் சுவாமியாரிடம் கொண்டுபோய் மறுபடி மந்திரித்துக்கொள்வார், அதற்குக் கட்டணம் கிடையாது.